நல்ல உப்பளம்

"யாராவது உங்களை அடைச்சு வெச்சு வேலை வாங்குறாங்களாம்மா?"

"இல்லீங்க சார்."

"ஊருக்குப் போகணும்னா விடுவாங்களா?"

"தாராளமா."

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்ணின் பதிலில் கலையரசனுக்கு நிம்மதியாக இருந்தது. சுனாமிக்குப் பிறகு தொடங்கிய சின்ன உப்புக் கம்பெனி அவனுடையது. கொத்தடிமைகளை வைத்து எடுத்த உப்பை வாங்குவதில்லை என்று உறுதியாக இருந்தான். உப்பு வாங்க மரக்காணத்தில் இந்த உப்பளத்தைப் புதிதாகப் பிடித்திருந்தான். மேஸ்திரி தூரத்தில் லாரியருகே நின்றிருந்தான்.

"எதுவா இருந்தாலும் பயப்படாம சொல்லுங்க. போன மாசம் வேற உப்பளத்துல பூங்காவனம்னு ஒரு அம்மா தைரியமா சொன்னாங்க, அப்பா சாவுக்குக்கூட விடலைன்னு. அன்னைக்கே அங்க உப்பு வாங்குறதை நிறுத்திட்டேன்."

வெயிலுக்காக முகத்தில் சுற்றியிருந்த துணியை அவள் இறக்கினாள். பூங்காவனம்தான்.

"நீங்க நிறுத்தினதும் அந்த ஓனரு எங்க எல்லாரையும் லாரியில ஏத்தி இந்த உப்பளத்து ஓனருகிட்ட தள்ளிவிட்டுட்டாரு சார்."

உப்பின் வெண்மையில் அவனுக்குக் கண் கூசியது.

"இங்கேயும் நிறுத்திடறேம்மா" என்றான், வேறெதுவும் தோன்றாமல்.

"ஐயோ, வேணாம் சார்! இங்க குடிக்கத் தண்ணியாச்சும் குடுக்கிறாங்க."