தெ வீத்தா பாலம்

அறையில் இருந்தவர்கள்: ரோமிலிருந்து வந்த செனட்டர் பெல்லந்தோனி, அவருடைய குழுவின் உறுப்பினர்கள் இருவர், நகராட்சிச் செயலாளர் லிபெரத்தோரே, மேயராக இருக்கும் என் மகள் அசுந்தா, முன்னாள் மேயர் கோசிமோ தெ வீத்தாவாகிய நான். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்கிறவர்கள் அப்போது காப்பிக் கடையில் இருந்தார்கள்.

சிறு நகராட்சிகளின் கஷ்டங்களைக் கேட்டறிந்து சட்டத்தைத் திருத்துவதற்காக நாடாளுமன்றம் அமைத்த குழு அது.

அசுந்தா மேயருக்குரிய மூவர்ணப் பட்டையை அணிந்திருந்தாள். பாலத்தைப் பற்றி மட்டுமே பேசினாள்.

எங்கள் ஊருக்குள் வண்டி வர அந்தப் பாலத்தை விட்டால் வழியில்லை. தூணில் சிமென்ட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. மாகாணம் பிராந்திய அரசைக் கேட்கச் சொன்னது. பிராந்திய அரசு ரோமைக் கேட்கச் சொன்னது. ரோம், பாலம் நகராட்சியுடையது என்றது.

மூடாமல் விட்டு அது விழுந்தால் மேயருக்குச் சிறை. மூடினால் ஊருக்கு ஆம்புலன்ஸ் வராது.

"எல்லா ஊர்லயும் இதே பாட்டுதான், மேயரம்மா," என்றார் செனட்டர். "குறிச்சுக்கிட்டோம். காலைல நாங்க அதுமேலதானே வந்தோம்? கல்லு மாதிரி நிக்குது."

நான் தலையசைத்தேன்.

அந்தப் பாலத்தைக் கட்டியவன் நான். அதன் முனையில் பளிங்கில் எங்கள் குடும்பப் பெயர் பொறித்திருக்கிறது. அன்று காலைதான் அசுந்தாவிடம் சொல்லியிருந்தேன்: "அத மூடுற அன்னியோட என்னை அப்பான்னு கூப்பிடறத நிறுத்திக்கோ."

அசுந்தா ஒரு தாளை எடுத்தாள். பாலத்தை மூடும் உத்தரவு. செனட்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே கையெழுத்துப் போட்டாள்.

"இனிமே பாலத்துல வண்டியும் போகக் கூடாது, ஆளும் போகக் கூடாது."

செனட்டர் சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்கு ரயில் இருக்கும்மா."

"தெரியும், செனட்டர்."

"வரும்போது மட்டும் விட்டீங்களே?"

"வரும்போது நான் கையெழுத்துப் போடலையே. இப்ப உங்கள விட்டு, பாலம் விழுந்தா, எனக்குப் பதிலா ஜெயிலுக்கு நீங்க போவீங்களா?"

உறுப்பினர் ஒருவர் கைபேசியை எடுத்தார். யாரைக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கூப்பிடக்கூடிய எல்லோரையும் அசுந்தா ஏற்கெனவே கூப்பிட்டு ஓய்ந்திருந்தாள்.

உத்தரவுக்கு நகராட்சி முத்திரை வேண்டும். அது என் பக்கத்து அலமாரியில் இருந்தது. லிபெரத்தோரே என் முகத்தைப் பார்த்தார். இடத்தைவிட்டு அசையவில்லை.

"அப்பா, அந்த முத்திரைய எடுங்க."

கூப்பிட்டுவிட்டாள்.

வெளியாட்கள் முன்னால் தெ வீத்தா வீட்டுப் பெண் கையை நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. எழுந்தேன். முத்திரையில் மை காய்ந்திருந்தது. வாயருகே வைத்து மூச்சுவிட்டு ஈரமாக்கிக் கொடுத்தேன்.

மாலையில் குழுவினரை லிபெரத்தோரேயின் மைத்துனர் தன் டிராக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டார். மலையைச் சுற்றி ஆற்றின் அக்கரைக்குப் போகும் ஆட்டுப் பாதையில் வேறெதுவும் ஏறாது. செனட்டர் தன் கோட்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

பெட்டியில் இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது.

"ஏறுங்க, பெரியவரே," என்று கூப்பிட்டார்கள்.

நான் டிராக்டரில் ஏறுவதில்லை.

மகளை மன்னித்துவிட்டேன், அதனால்தான் அன்றிலிருந்து அவள் வீட்டில் இருக்கிறேன் என்று ஊரில் பேச்சு. அது தவறு. என் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.