சிபிக்கு ஓர் ஆர்க்கிடெக்ட்

"காபிக்குச் சர்க்கரை போடலாமுங்களா?"

கேட்டுவிட்டு ஸ்பூனைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"ரெண்டு ஸ்பூன் போடுங்க மேடம்," என்றான் வந்தவன்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

இதற்கு முன் வந்த ஆர்க்கிடெக்ட் வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டார். ஊரில் பெரிய பெயர். சர்க்கரையை விட்டுப் பத்து வருஷமாச்சு என்று பெருமையாகச் சொன்னார். கட்டிய பங்களாக்களின் படங்களை மேஜை முழுக்கப் பரப்பினார். அவள் ஒரு படத்தையும் பார்க்கவில்லை. அவருடைய வீங்கிய கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கும் முன்னால் வந்தவர் தங்கமான மனுஷர். மாடியைப் பார்த்துவிட்டு இறங்குவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. சரிப்பட்டு வராது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? வீடு கட்ட ஆள் தேடுகிறாள் என்று நினைத்து வந்தார்கள்.

அவள் தேடியது தன் காலத்துக்குப் பிறகும் இருக்கப்போகிற ஆளை.

சிபி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவளுடைய ஒரே பிள்ளை. முப்பத்தொரு வயது, ஆறடி உயரம். சட்டைப் பொத்தானை இன்னும் அவள்தான் போட்டுவிட வேண்டும். வலிப்பு எந்த நேரம் வருமென்று சொல்ல முடியாது. தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டாலே அலறுவான். போன மாதம் மாடிப்படியில் விழுந்து நெற்றியில் தையல்.

படி இல்லாத வீடு வேண்டும். முனையெல்லாம் மழுங்கலாக இருக்க வேண்டும். ஒரு கதவிலும் தாழ்ப்பாள் கூடாது.

இதை எந்த இன்ஜினியரும் கட்டிக் கொடுத்துவிடுவார்.

அதற்கப்புறம்?

சிபிக்கும் ஐம்பது வயதாகும். முட்டி தேயும். சுவரில் கைப்பிடி வைக்க வேண்டி வரும். கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவர வேண்டி வரும். எவனாவது புதிதாக வந்து, பாத்ரூமுக்குத் தாழ்ப்பாளே இல்லையே என்று ஒன்றை அடித்துவிட்டுப் போவான். அது ஏன் இல்லை என்று சொல்ல அப்போது அவள் இருக்க மாட்டாள்.

அவளுக்கு அறுபத்தெட்டு. இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் படம் வரைந்தே காட்டிவிட்டார்.

காப்பகங்களையும் போய்ப் பார்த்தாயிற்று. ஒரு கட்டிலின் காலில் முடிச்சுப் போட்டிருந்த துணியைப் பார்த்தாள். அது எதற்கென்று கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

உறவு என்று இருப்பது அண்ணன் மகன் ஒருவன். போன் செய்யும்போதெல்லாம் வீடு கட்ட வைத்திருக்கும் காலி மனை என்ன விலைக்குப் போகும் என்று விசாரிப்பான். சிபியைப் பற்றி விசாரித்ததில்லை.

இப்போது வந்திருக்கும் இவன் பார்வைக்குச் சின்னவனாகத்தான் தெரிந்தான். ஆனால் அடர்த்தியாகத் தாடி. கனத்த பிரேம் போட்ட கண்ணாடி. இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை.

"வயசு என்னங்க தம்பி?"

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நாப்பது ஆகப்போகுதுங்க மேடம். பாத்தாத் தெரியாது. பதினஞ்சு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்."

நாற்பது. சிபியைவிடப் பெரியவன். சிபி தடுமாறும் வயதில் இவனுக்கே ஓர் ஆள் வேண்டியிருக்கும்.

கணக்கு உதைத்தது. அவளுக்கு அழுகை வந்தது.

"யோசிச்சுச் சொல்றனுங்க," என்றாள்.

அந்த வார்த்தை அவனுக்கும் பழக்கம்தான் போலிருக்கிறது. பிளான்களைச் சுருட்டினான்.

சிபி எழுந்து வந்தான். யாரும் தடுப்பதற்குள் வந்தவன் முகத்திலிருந்த கண்ணாடியை உருவி, தான் போட்டுக்கொண்டான்.

அவள் பதறிப்போனாள். சிபியிடமிருந்து எதையும் பிடுங்க முடியாது.

"இருக்கட்டுங்க. அவரே வெச்சுக்கட்டும்," என்று அவன் சிரித்தான். "பவர் இல்லாத கண்ணாடிதான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

கண்ணாடி இல்லாத முகத்தை அவள் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இருபத்தாறுதாங்கம்மா. நிஜத்தைச் சொன்னா யாருமே வீட்டை நம்பிக் குடுக்க மாட்டேங்கறாங்க. ஒரு வீடுகூட இன்னும் கட்டலைங்க. மன்னிச்சுக்குங்க."

இருபத்தாறு.

பொய் சொன்னவனைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது.

"உங்க தாத்தா இருக்காருங்களா?"

அவன் விழித்தான். "இருக்காருங்க. இன்னும் சைக்கிள் மிதிக்கிறாரு."

"வேலை உங்களுக்குத்தான் தம்பி."

அவனால் நம்ப முடியவில்லை. எத்தனை ரூம், வாசல் எந்தப் பக்கம் என்று திக்கித் திக்கிக் கேட்டான். அவள் மனது மாறிவிடுமோ என்ற பயம் அவனுக்கு. அதெல்லாம் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்றாள். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வரட்டும், சிபியோடு பழகட்டும் என்றாள். வருகிறேன் என்று உடனே தலையாட்டினான். அவள் என்ன சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பான்.

நாளைக்கு இவனுக்குக் கல்யாணமாகும். குழந்தைகள் பிறக்கும். துபாய், சிங்கப்பூர் என்று போகத் தோன்றும். அதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? ஊரார் வீட்டுப் பிள்ளை தலையில் இதைக் கட்டுவது பாவம் என்றும் தெரியும்.

தெரிந்துதான் நின்றாள்.

சிபி அந்தப் பெரிய கண்ணாடி வழியாக இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பங்கம்மா முடிச்சுக் குடுக்கணும்?" என்று கேட்டான் வந்தவன்.

"ரொம்ப நாளாகும் தம்பி," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.