வேலியில் நின்ற குழந்தை இயேசு

"அம்மா, மரியாதையா அந்தச் சிலையை எடுத்து உள்ளே வை."

"மாட்டேன்டி."

மைதானத்தின் எல்லைக் கயிற்றோரம் ஓர்லா நின்றிருந்தாள். எதிரே, தன் வீட்டுக் கொல்லை வேலிக்கு மேல் தலையை நீட்டியபடி அவள் அம்மா பெர்னி. நடுவில் வேலிச் செடிக்குள், சிவப்பு அங்கியும் கிரீடமுமாகக் குழந்தை இயேசு. அவர் கழுத்தைச் சுற்றிப் பசை போட்டு ஒட்டிய தழும்பு. தலை உடைந்து ஒட்டிய சிலைக்குத்தான் சக்தி அதிகம் என்பது அயர்லாந்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். முதல் நாள் ராத்திரி அவரை வேலியில் வைத்துவிட்டால் மறுநாள் மழை அந்தத் தெருவை எட்டிப் பார்க்காது.

வழக்கமாக இது நல்ல காரியம்தான். ஆனால் இன்றைக்கு அயர்லாந்துப் பெண்கள் கிரிக்கெட் அணிக்கு மழை வேண்டும்.

உலகக் கோப்பைக்குப் போவது அயர்லாந்தா, ஸ்காட்லாந்தா என்று முடிவாகும் கடைசி ஆட்டம். முதலில் ஆடிய ஸ்காட்லாந்து இருநூற்று எழுபது ரன் வெளுத்துவிட்டது. இப்போது இடைவேளை. இந்நேரம் மழை கொட்டினால் ஆட்டம் ரத்து, ஆளுக்கு ஒரு புள்ளி. அயர்லாந்துக்கு அந்த ஒரு புள்ளி போதும். கடல் மேல் கருமேகம் ஒன்று காலையிலிருந்து நிற்கிறது. கரைக்கு வரத்தான் அதற்கு மனமில்லை.

கேப்டன் கிரான்யா வாயில் பாதி சாண்ட்விச்சோடு ஓடிவந்தாள்.

"பெர்னி ஆன்ட்டி, உங்க கால்ல வேணா விழறேன். ஒரு மணி நேரம் அவரை வீட்டுக்குள்ள வைங்க."

"மழையே ஜெயிச்சுக் குடுக்கும்னா நீங்க பதினோரு பேர் எதுக்கு? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போய் அடிச்சு ஜெயிங்க."

"நானே எடுத்துக்கறேன்" என்று ஓர்லா கையை நீட்டினாள். பெர்னி அந்தக் கையில் பட்டென்று ஒன்று போட்டாள்.

"வச்ச கைதான் எடுக்கணும். வேற கை பட்டா குடும்பத்துக்கு ஆகாது."

கிரான்யா பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். சத்தம் கேட்டு, ஆட்டம் பார்க்க வந்திருந்த பங்குச் சாமியார் மலாக்கியும் தேநீர்க் கோப்பையோடு வந்து சேர்ந்தார்.

"பெர்னி, நானே கேக்கறேன். நாட்டு மானம்மா."

"சாமி, நீங்க பூசையைப் பாருங்க. வேலியை நான் பாத்துக்கறேன்."

சாமியார் வந்த வழியே திரும்பிப் போனார்.

ஓர்லா அடிபட்ட கையைத் தேய்த்துக்கொண்டாள். "அம்மா, கடைசி ஆளா நான் இறங்கணும். நாட்டுக்காக நான் அடிச்சதுலயே அதிகம் எவ்வளவு தெரியுமா?"

"நாலு."

"அதுவும் தெரியாம பட்டது."

பெர்னி விரலை நாக்கில் நனைத்து உயரத் தூக்கிக் காற்றைப் பார்த்தாள். முகம் கோயில் சுரூபம் போல மலர்ந்தது.

"என்ன வெயில், என்ன காத்து. இப்படி ஒரு நாள் வருஷத்துக்கு ஒண்ணு கெடைச்சா பெரிசு. ஆறு மணி வரைக்கும் அவர் அசைய மாட்டார். அதுக்குள்ள எல்லாம் நல்லபடியா முடியும். எனக்கு நம்பிக்கை இருக்குடி."

அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை ஓர்லா கேட்டதே இல்லை. சண்டையை விட்டுவிட்டு அவள் அணியை நோக்கி ஓடினாள்.

ஆட்டம் தொடங்கியது. கிரான்யா ஆவேசம் வந்தவள் போல் ஆடி நூறு அடித்தாள். மற்றவர்கள் அடிப்பதும் அவுட் ஆவதுமாக ஆட்டத்தைக் கடைசி ஓவர் வரை இழுத்து வந்தார்கள். கருமேகம் மெல்ல அசைந்து கரையைத் தொட்டபோது மணி ஆறாகப் போகிறது. ஒரே ஒரு விக்கெட் பாக்கி, ஒரே ஒரு பந்து பாக்கி, மூன்று ரன் வேண்டும். இறங்கியவள் ஓர்லா.

மட்டையை ஊன்றிக்கொண்டு அவள் வேலிப் பக்கம் பார்த்தாள். அம்மா இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, உதடு துடிக்க ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

ஓர்லாவும் கண்ணை மூடினாள். மூடியபடியே மட்டையைச் சுழற்றினாள். பந்து விளிம்பில் பட்டு, கீப்பர் தலைக்கு மேல் பறந்து, எல்லைக் கயிற்றைத் தாண்டி ஓடி, வேலிக்குள் குழந்தை இயேசுவின் காலடியில் போய் விழுந்தது.

நான்கு ரன்.

மொத்த அணியும் வேலியை நோக்கி ஓடியது. சாமியார் கோப்பையைப் புல்லில் போட்டுவிட்டுக் கூடவே ஓடினார். ஓர்லா செடிகளுக்கு மேலேயே அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தலைக்கவசம் இடித்து அம்மாவின் கண்ணாடி கோணிக்கொண்டது.

"அம்மா, அந்த ஒரு புள்ளியைப் பிச்சையா வாங்கியிருந்தா காலம் பூரா வெக்கப்பட்டிருப்போம். நீ ஒருத்திதாம்மா எங்களை நம்பினே."

"எங்களை மன்னிச்சிடுங்க ஆன்ட்டி" என்று கிரான்யா விசும்பினாள். "எங்க மேல எங்களுக்கே இல்லாத நம்பிக்கை உங்களுக்கு இருந்திருக்கு."

பெர்னியின் மூக்கில் முதல் மழைத்துளி விழுந்தது.

"விடுடி என்னை" என்று மகளை உதறித் தள்ளிவிட்டு அவள் கொல்லைப்புறம் ஓடினாள். "நாளைக்கு உன் சித்தி பாஸ்டன்ல இருந்து குடும்பத்தோட வர்றா. காலையில இருந்து பதினோரு கம்பளி கொடியில காயுது. அதுல ஒண்ணு நனைஞ்சாலும் உன்னை உலகக் கோப்பைக்கு அனுப்ப மாட்டேன்."