பத்து வருஷ சராசரி

“கூடப் பிறந்தவகிட்டயே வியாபாரமா? வெட்கமா இல்ல உனக்கு?”

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கத்த ஆரம்பித்துவிட்டான் வக்கீல் தம்பி. கோர்ட்டிலிருந்து நேராக வந்திருந்தான். கறுப்புக் கோட்டு இன்னும் உடம்பில்தான் இருந்தது.

சோபாவில் அண்ணனும் அண்ணியும். எதிரே அக்கா. பக்கத்து அறையில் அக்காவின் கணவர் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தார்.

“மெதுவாப் பேசுடா. அவர் இப்பத்தான் கண் அசந்தார்” என்றாள் அக்கா.

“மெதுவாப் பேசித்தானே இவர் காரியத்தை முடிச்சிருக்கார்! அத்தானோட சுரங்கப் பங்கையெல்லாம் பங்கு ஒண்ணு நாற்பது ரூபாய்னு இவருக்கே கொடுக்கப் போறேன்னு காலையில போன்ல சொன்னியே, அப்பவே எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.”

“சந்தையிலயும் அதே நாற்பதுதாம்ப்பா. யாருக்கோ விக்கிறதுக்கு அண்ணனுக்கே வித்தா என்ன? மருந்துக்கு ஆகும்.”

அத்தான் அந்தச் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். வருஷா வருஷம் போனஸுக்குப் பதிலாகக் கம்பெனி கொஞ்சம் பங்குகளைக் கொடுத்தது. கூடவே அவருடைய நுரையீரலையும் எடுத்துக்கொண்டது.

அண்ணனுக்குத் தொழிலே பங்கு ஆலோசனைதான். எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று டிவியில் வந்து சொல்கிறவர்.

“சந்தை விலையைத்தானே கொடுக்கிறேன். இதுல என்னடா தப்பு?” என்றார் அண்ணன், கண்ணாடியைத் துடைத்தபடி.

“என்ன தப்புன்னு நீயே சொல்லு!”

தம்பி செல்போனைத் தட்டினான். அண்ணனின் டிவிக் குரல் கணீரென்று கேட்டது.

‘சுரங்கப் பங்கை ஒரே ஒரு வருஷ லாபத்தை வெச்சு எடை போடாதீங்க. உலோக விலை ஏறினா கொள்ளை லாபம், இறங்கினா நஷ்டம். பத்து வருஷ லாபத்தையும் இன்னைய விலைவாசிக்கு மாத்திக்குங்க. அதுல சராசரி எடுங்க. அதுதான் அந்தக் கம்பெனியோட உண்மையான சம்பாத்தியம். நஷ்ட வருஷத்துல பயந்து விக்கிறவங்க அடிமாட்டு விலைக்கு விக்கிறாங்க!’

போனை டீப்பாய் மேல் பொத்தென்று வைத்தான் தம்பி.

“இந்த வருஷம் நஷ்டம், அதனால நாற்பது. மத்தியானம் பூரா உட்கார்ந்து நீ சொன்ன கணக்கை நானும் போட்டேன். பத்து வருஷத்துக்கு முன்னால பங்குக்குச் சம்பாதிச்ச நாலு ரூபாய், இன்னைய விலைவாசிக்கு ஏழு. அப்படியே பத்து வருஷத்தையும் மாத்திச் சராசரி எடுத்தா, பங்குக்கு எட்டு வருது. லாபத்தைப் போல பதினஞ்சு மடங்குதான் சரியான விலைன்னு நீ வழக்கமாச் சொல்வியே, அப்படிப் போட்டா நூத்தி இருபது! ஊருக்கெல்லாம் நூத்தி இருபது, அக்காவுக்கு மட்டும் நாற்பதா?”

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் அவள் கையை அழுத்தினார்.

“அது பங்கு இல்ல அண்ணா, அத்தானோட மூச்சு. அதுலயா லாபம் பார்க்கிற?”

தம்பியின் குரல் உடைந்துவிட்டது.

அக்கா மெல்ல எழுந்தாள். பல் டாக்டரின் கிளினிக்கில் ரெண்டு ஷிப்ட் வேலை பார்த்துக் குடும்பத்தை இழுக்கிறவள். யாரிடமும் குரல் உயர்த்தாதவள்.

“அவன் சொல்றது நிஜமா அண்ணா?”

அண்ணன் தரையைப் பார்த்தார்.

“கணக்குப்படி பார்த்தா... ஆமா.”

“தெரிஞ்சுதான் நாற்பதுக்குக் கேட்டியா?”

அண்ணன் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்போ நூத்தி இருபது கொடு. அவர் இருமி இருமிச் சம்பாதிச்சது. ஒண்ணு குறைஞ்சாலும் கிடையாது.”

“நூத்திப் பத்துன்னு வெச்சுக்கலாமே...” என்று இழுத்தார் அண்ணன்.

“நூத்தி இருபது!”

அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். உள்ளே அத்தான் விழித்துக்கொண்டு இருமினார்.

அதற்குமேல் அண்ணன் பேரம் பேசவில்லை. அங்கேயே செல்போனில் பணத்தை அனுப்பினார். பணம் வந்ததைப் பார்த்துவிட்டு, அத்தான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு வைத்திருந்த பங்கு மாற்றும் தாளை அக்கா நீட்டினாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராக உள்ளே போனாள்.

“ஏங்க, ஆறு மாசமாத் தள்ளிப்போட்டோமே, அந்தப் பெரிய டாக்டர்கிட்ட நாளைக்கே போறோம். நம்ம பணம் வந்துடுச்சு” என்று அவள் சொல்வது கூடம் வரைக்கும் கேட்டது.

“இனிமே இந்த வீட்டுப் பக்கம் வந்துடாதே” என்று கதவைத் திறந்துவிட்டான் தம்பி. உள்ளே இருந்த அக்கா அதை மறுக்கவில்லை.

தெருவுக்கு வரும்வரை அடக்கிவைத்திருந்த அண்ணி, காருக்குள் உட்கார்ந்ததும் வெடித்தாள்.

“ஏமாத்துக்காரன்னு பேர் வாங்கிட்டு இப்படிப் பொம்மை மாதிரி வர்றீங்களே! ரெண்டு வருஷத்துல தாது தீர்ந்து சுரங்கத்தையே மூடப் போறோம்னு கம்பெனியே சொல்லிடுச்சு. மூடப் போற சுரங்கத்துக்கு, போன பத்து வருஷ சராசரி எதுக்குங்க? அந்தப் பங்குக்கு நாற்பதே அதிகம்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க? ஒரு வார்த்தை அவங்ககிட்டயும் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா என் தங்கச்சி பணத்தைத் தொட்டிருப்பாளா?”

அண்ணன் காரைக் கிளப்பினார்.

“வைத்தியத்துக்குன்னு நான் கொடுத்தப்பல்லாம் வேண்டாம்னு திருப்பிக் கொடுத்தவ அவ. நாற்பதுன்னு கேட்டா தம்பி சும்மா விடமாட்டான்னு எனக்குத் தெரியும். பார்த்தியா, இன்னிக்கு என்னை அதட்டியில்ல வாங்கியிருக்கா!”