கொஞ்சம் குறைச்சுக்கோ
ஒத்திகை அறையின் குழல்விளக்கு கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் அண்ணன் புது மாப்பிள்ளை மிடுக்கோடு நிற்கிறான். கழுத்தில் தொங்குவது பேரிடோன் கிட்டார். தடித்த கம்பிகள், சாதாரணக் கிட்டாரைவிடக் கீழே இறங்கிப் பேசும் குரல். அதை வாங்கியதிலிருந்து அவன் நடைகூடக் கனத்துவிட்டது. "இதோட ஆழம் எல்லாருக்கும் புரியாது," என்கிறான். இந்தக் குழுவின் ஆழத்தை இத்தனை நாளும் ஆறு கம்பி பேஸ் கிட்டாரில் சுமந்த தங்கை, சுருதி சேர்க்கிறாள். பாட்டு தொடங்குகிறது. தன் ஸ்பீக்கரின் எதிரொலிக் குமிழை முழுக்கத் திருகிவைத்துக்கொண்டு அண்ணன் வாசிக்க, இரண்டு கனத்த குரல்களும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. அறை முழுக்க ஒலிச் சேறு. அவன் ஸ்பீக்கர் மேலிருக்கும் கோப்பையில் காப்பி நடுங்குகிறது. "கொஞ்சம் குறைச்சுக்கோம்மா," என்கிறான், கண்ணை மூடியபடியே. குறைக்கிறாள். "இன்னும். உன் சத்தம்தான் எல்லாத்தையும் அமுக்குது. ஒத்துவரலன்னா சனிக்கிழமை கச்சேரிக்கு நீ வேணாம், நானே சமாளிச்சுக்கறேன்." டிரம்ஸுக்குப் பின்னால் அண்ணியின் புருவம் உயர்கிறது. தங்கை தன் ஸ்பீக்கரை அணைத்து, பேஸிலிருந்து கேபிளைப் பிடுங்குகிறாள். சேறு அப்படியே இருக்கிறது. "இன்னும் கொஞ்சம்," என்கிறான் அண்ணன். அண்ணி குச்சிகளை மடியில் வைத்துவிடுகிறாள். தாளம் நின்றதும் அவன் கண்ணைத் திறக்கிறான். மூக்குக்கு நேரே கேபிளின் முனை. "இதுக்கு மேல குறைக்கணும்னா," என்கிறாள் தங்கை, "உன்னைத்தாண்ணா குறைக்கணும்." அவன் கை கம்பிகளை விட்டுவிட்டது. ஓயாத எதிரொலியில் காப்பி இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கிறது.