சார் சொன்னபடி

“நான் சொன்னாத்தான் கேக்க மாட்டேங்கிறீக. சார் சொல்றாக, அதையாவது கேளுங்க” என்றார் நாகஜோதி டீச்சர், காதில் வைத்த போனை எடுக்காமலே.

அதுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று அவரைச் சுற்றி வந்து நின்றார்கள்.

தேனியில் மாவட்டக் கூடைப்பந்து இறுதிப் போட்டி. இடைவேளை விட்டிருந்தார்கள். கூடலூர் பள்ளி பத்துப் புள்ளி பின்னால் கிடந்தது. எதிரணி பெரியகுளம். கூடைப்பந்தையே தங்கள் ஊரில்தான் கண்டுபிடித்தார்கள் என்பதுபோல் ஆடுகிறவர்கள். ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் நம்பவும் தோன்றும்.

கூடலூர் அணியின் பயிற்சியாளர் ஜேசுராஜ் சார் வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். எத்தனையோ தடவை இறுதிப் போட்டிவரை வந்தும் ஒரு கோப்பையைக்கூட அவர் தூக்கியதில்லை. இந்த வருடம் விடுவதில்லை என்று பிள்ளைகள் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்தால், வயிற்றுவலி என்று அவரை அன்று விடியற்காலையில் தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். வலிக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

பிள்ளைகளுக்குத் துணையாக வந்தவர்தான் தமிழாசிரியை நாகஜோதி. போன வாரம்தான் மாற்றலாகி வந்தவர். மற்ற டீச்சர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கழன்றுகொள்ள, புது ஆள் மாட்டிக்கொண்டார். தண்ணீர் பாட்டிலும் குளுக்கோஸுமாக உட்கார்ந்திருந்தவர், முதல் பாதியில் ஏதோ யோசனை சொல்லப்போனார். கேப்டன் திரிஷா மரியாதையாகத்தான் சொன்னாள், “டீச்சர், இது திருக்குறள் இல்ல.” மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். டீச்சர் போனை எடுத்தது அதற்கப்புறம்தான்.

திரிஷா போனுக்குக் கை நீட்டினாள். ஆட்டத்துக்கு நடுவில் ஆடுகிற பிள்ளைகள் போனில் பேசக்கூடாதாம் என்று டீச்சர் அதை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“பெரியகுளத்து நெட்டைப் பிள்ளையப் பத்திச் சாருகிட்டச் சொன்னேன். மூணு மூணு பேரா அவ பின்னாலயே போறீகளேன்னு வையிறாக. மாட்டைப் பிடிக்காதீக, கயித்தைப் பிடிங்கங்கிறாக. அவளுக்குப் பந்து குடுக்கிறது ஏழாம் நம்பரு. அவளை மறிங்க.”

மாடும் கயிறும் வந்ததும் திரிஷா தலையாட்டினாள். அது அச்சு அசல் சார் பேச்சு.

ஏழாம் நம்பரை மறித்தார்கள். நெட்டைப் பிள்ளை கூடைக்கு அடியில் வெறுங்கையோடு நின்றாள். பத்துப் புள்ளி ஆறாகி, ஆறு மூன்றானது. அதோடு நம் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. அவசரத்தில் பந்தை வெளியே விட ஆரம்பித்தார்கள். டீச்சர் மைக் சத்தத்துக்கு ஒதுங்கிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு பேசிவிட்டு வந்து, டைம் அவுட் கேட்டார். அதை யாரிடம் கேட்பது என்றுகூட சார்தான் சொல்லியிருப்பார் என்று திரிஷா நினைத்துக்கொண்டாள்.

குமுளி மலை ஏறுகிற ஜீப் மாதிரி அவசரப்படாமல் ரெண்டாவது கியரிலேயே போகச் சொல்கிறாராம் சார். போனார்கள். பெரியகுளத்துப் பிள்ளைகளுக்குப் பந்தைத் துரத்தியே மூச்சு வாங்கியது.

கடைசி நிமிடம். ஒரே ஒரு புள்ளிதான் பின்னால். பந்து கூடலூர் கையில். மறுபடியும் டைம் அவுட். கடைசிப் பந்து திரிஷாவுக்குத்தான் என்பதில் மைதானத்தில் யாருக்கும் சந்தேகமில்லை.

“திரிஷாவைச் சுத்தி மூணு பேரு வருவாக. வரட்டும். பந்து ஜெஸ்லினுக்கு” என்றார் டீச்சர்.

ஜெஸ்லினுக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கு அவள் எறிந்தது ஒன்றும் விழவில்லை. தன்னால் ஆகாது, வேறு யாருக்காவது கொடுங்கள் என்று அழ ஆரம்பித்தாள். டீச்சர் அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

“விழுந்தா அது உன் பந்து ஆத்தா. விழாட்டி அது என் பந்துன்னு சொல்றாக. பயப்படாமப் போடு.”

போட்டாள். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, எல்லார் உயிரையும் வாங்கிவிட்டு, உள்ளே இறங்கியது. விசில் ஊதினார்கள். ஜெஸ்லினைத் தூக்கியவர்கள் கீழே இறக்கவே இல்லை. கூடலூரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த அப்பாமார்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட, பெரியகுளத்துக்காரர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டாமல் இருக்க முடியாத ஆட்டம் அது.

வேன் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனது. வார்டு வாசலில் நின்ற சாரின் மனைவி கிருபாவதியிடம் திரிஷா கோப்பையைக் காட்டி, படுத்த இடத்திலிருந்து போனிலேயே சார் ஜெயிக்க வைத்துவிட்டார் என்றாள்.

கிருபாவதி விழித்தார். “போன்லயா? குடல்வால் ஆபரேசன்னு காலைல உள்ள கொண்டுபோனாக. மத்தியானத்துக்கு மேலதான் கண்ணையே முழிச்சாக. போனு எம் பையில ஆஃப் ஆகிக் கெடக்கு.”

பிள்ளைகள் மெதுவாகத் திரும்பி டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் சுவரில் ஒட்டியிருந்த பார்வையாளர் நேரத்தை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போய், கயிறு, ஜீப், ஜெஸ்லின் பந்து என்று ஒன்று விடாமல் சாரிடம் சொன்னார்கள். சார் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண்ணீர் காதோரம் ஓடியது. துடைக்கவில்லை. இதையெல்லாம் நீங்கள் சொல்லவே இல்லையா என்று திரிஷா கேட்டாள்.

“சொன்னேனே. அம்புட்டும் நான் சொன்னதுதான்” என்ற சார், வாசலில் தயங்கி நின்ற டீச்சரைக் கை காட்டினார். “தேவதானப்பட்டிப் பள்ளிக்கூடத்துல இவ எனக்குக் கேப்டனா இருந்தப்பச் சொன்னேன். இருபது வருசம் ஆச்சு.”