அதே இடத்தில் நின்ற வண்டி

"நேத்தும் அதே இடத்துலியா நின்னுச்சி?" என்றாள் இன்ஜினியர் பிரியதர்ஷினி.

"ஆமாங்க மேடம். ஐயனார் கோயிலத் தாண்டினதும்," என்றான் டெஸ்ட் ரைடர் சிலம்பரசன்.

காடுமேட்டில் ஓட்டுவதற்காகக் கம்பெனி செய்து, இன்னும் விற்பனைக்கு விடாத பைக் அது. வேர், மணல், பள்ளம் எல்லாவற்றையும் தாண்டிவிட்டு, மரக்காணத்துச் சவுக்குத் தோப்பில் மட்டும் தினமும் நின்றுவிடும். பிளக்கை மாற்றினார்கள், பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள். 'ஐயனார் எல்லையில எறங்கித் தள்ளிட்டுத்தாம்பா போவணும்' என்றார்கள் உப்பளத்து ஆட்கள்.

"நானே ஓட்டிப் பாக்கறேன்," என்று ஹெல்மெட்டை மாட்டினாள்.

"வேணாங்க மேடம், மணல் ஜாஸ்தி..."

அவன் முடிப்பதற்குள் பைக் தோப்புக்குள் மறைந்தது. சிலம்பரசன் தோப்பு வரை பின்னாலேயே ஓடிப் பார்த்தான்.

வெயில் சாய்ந்த பிறகுதான் திரும்பினாள்.

"நீங்க சொன்னது சரிதான். எனக்கும் அங்கதான் நின்னுச்சி."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வண்டியில் எந்தக் கோளாறும் கிடையாது. தினமும் அங்கே என்ஜினை அணைத்தது அவன்தான்.

சாவியை நீட்டிய அவள் விரல்களில் கருவாட்டுக் குழம்பு வாசம் அடித்தது.

"உப்பளத்து விருத்தாம்பாள் அம்மா தோப்போரம் தனியா உக்காந்திருந்தாங்க. 'தெனமும் எங்கூட சாப்புடற தம்பி வரலியா? சரி, நீ சாப்ட்டியாம்மா?'ன்னாங்க."

பிரியதர்ஷினி ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னாள்:

"என்னை யாரும் அப்படிக் கேட்டு வருஷக்கணக்காச்சி, சிலம்பரசன். கோளாறு கண்டுபுடிக்க இன்னும் நாளாவும்னு மேல சொல்லிடறேன்."